சொர்ணபாய் அக்கா தோட்டத்துத் தூக்கம்

பாளையங்கோட்டையில் எங்கள் தோட்டக் குழு ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் யாராவது ஒருவர் வீட்டுத் தோட்டத்தைப் போய்ப் பார்க்கும். அப்படி சொர்ணபாய் அக்கா வீட்டு முறை வந்த சனிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, நாங்கள் பதினொரு பேரும் கேட்டைத் திறந்துகொண்டு பின்பக்கம் போனபோது, அந்தத் தோட்டம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. கத்தரி இலைகளைத் தொங்கவிட்டிருந்தது, செம்பருத்தி காலையில் விரித்த பூவை மறுபடி சுருட்டி மார்போடு வைத்திருந்தது, பிச்சிக்கொடி சுவர்மேல் தலையைச் சாய்த்திருந்தது, கறிவேப்பிலை ஈர்க்கு ஈர்க்காக மடிந்திருந்தது, பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப்பார்க்கிற முருங்கை மட்டும் கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி ஊத்தலையோ?" என்று காந்திமதிநாதன் அண்ணாச்சி குனிந்து மண்ணைத் தொட்டார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். மண் ஈரமாகத்தான் இருந்தது.

"வாடலை அண்ணாச்சி. தூங்குது. மூச்சு வருது, கேளுங்க," என்றார் மங்கையர்க்கரசி டீச்சர். முப்பது வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்தவர். எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி, இன்னும் கழுத்தில் விசில் போட்டிருப்பார்.

"பகல் பத்து மணிக்கா?"

"ராத்திரி டூட்டி பார்த்திருக்கும்."

சிரித்தோம். சிரித்த வாய் அப்படியே கொட்டாவியாகிப் போயிற்று. ரஹ்மத் பீவி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தாள். அண்ணாச்சி எருமூட்டையில் சாய்ந்தார். டீச்சர் நின்றுகொண்டே தூங்கினார், வாயில் விசில் இருந்தபடியால் மூச்சு விடும்போதெல்லாம் அது குருவிக்குஞ்சு மாதிரி மெல்லக் கூவிக்கொண்டிருந்தது. எனக்குக் கடைசியாகத் தெரிந்தது, சொர்ணபாய் அக்கா யாரோ ஒருத்தியின் தலைக்கடியில் துண்டை மடித்து வைத்ததும், "தூங்குங்க, தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனதும்தான்.

ஒரு மணிக்கு விழித்தோம். தலைக்குள் யாரோ வீடு கழுவி விட்ட மாதிரி இருந்தது.

தோட்டத்துக்கு இந்தத் தூக்கம் எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. சொர்ணபாய் அக்காவின் கணவர் தங்கையா அண்ணன் சர்வேயராக இருந்தவர். பக்கவாதம் வந்து இரண்டரை வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடமும் வலமும் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அக்கா முழுசாகத் தூங்கியதில்லை. இரண்டு தரம் ஆண் நர்ஸ் வைத்துப் பார்த்தார்கள். அண்ணன் வேறு யார் கை பட்டாலும் அலறுவார். ஒருவரைக் கடித்தும் விட்டார். பெங்களூரிலிருந்து மகளும் பஹ்ரைனிலிருந்து மகனும் வீடியோவில் வந்து, "ஆள் போடுங்கம்மா, உங்க உடம்பப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, எனக்கும் மூன்று பேர் வெளியூரில் இருக்கிறார்கள். தூக்கம் கிடைக்காத வேளையிலெல்லாம் அக்கா தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். "நான் படுக்காத தூக்கம் வீணாப் போகாதபடி எதுக்காவது கொடும் ஆண்டவரே" என்று ஜெபித்ததாக ஒருதரம் சொன்னாள். அவர் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த மாதமும் அங்கேதான் போவோம் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னோம். முறைப்படி அது ரஹ்மத் பீவி வீட்டு மாதம். அவளே, "என் வீட்டு வெண்டைக்காய் எங்க போகுது, தலகாணிய எடுங்க" என்றுவிட்டாள். பாய் வந்தது, தலையணை வந்தது, கொசுவத்தி வந்தது. அதற்கடுத்த மாதம் குழுவில் இல்லாதவர்களும் வந்தார்கள்: கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, இரவு பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர், காக்கிச் சட்டையோடு, எட்டு வருஷமாக ஒருவரோடொருவர் பேசாத இரண்டு சகோதரிகள். இவர்கள் ஆளுக்கொரு மூலையில் படுத்து, விழிக்கும்போது ஒரே போர்வைக்குள் கிடந்து, "கைய எடுளா" என்று அன்றைக்குப் பேச ஆரம்பித்தார்கள். டீச்சர் ஓர் அட்டையில் எழுதிக் கேட்டில் தொங்கவிட்டார்: செருப்பை வெளியே விடவும், தக்காளிப் பக்கம் குறட்டை விடக்கூடாது, பூ உதிர்கிறது, பக்கத்தில் இருப்பவர் கனவில் பேசினால் பதில் சொல்லாதீர்கள். இதில் ஒன்றும் யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. தோட்டம் பார்க்கப் போகிறோம், தூங்கிவிட்டு வருகிறோம், இதில் என்ன இருக்கிறது.

அண்ணாச்சி மட்டும், "எங்க வீட்ல தேக்குக் கட்டில் இருக்கு, இலவம்பஞ்சு மெத்தை இருக்கு. தூக்கத்த மட்டும் ஒங்க வீட்ல வச்சிருக்கியளே, தாயி," என்பார்.

"எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. நானா வேண்டாங்கேன்," என்பாள் அக்கா.

எடுத்துக்கொண்டுதான் போனோம். எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. கேட்டு வாங்கின கொப்பு துளிர்க்காது. வாங்கிவிட்டு நன்றி சொன்னால் அடியோடு அழுகிப்போகும். களவாண்ட கொப்புதான் வேர் பிடிக்கும். அதனால் சுற்றிப் பார்த்து முடிந்ததும் வீட்டுக்காரி "காப்பி போட்டுட்டு வாரேன்" என்று உள்ளே போவாள், பால் பொங்கின பிறகும் கொஞ்ச நேரம் அடுக்களையிலேயே நிற்பாள், வெளியே வருமுன் தம்ளரைச் சத்தமாக வைப்பாள். அதற்குள் கிள்ளுகிறதைக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுவிட வேண்டும். வந்தவள் செடியைப் பார்க்கக் கூடாது, போகிறவர்கள் முகத்தில் காட்டக் கூடாது. இது களவுதானா என்று எங்கள் சபைக் குருவானவரிடம் ஒருதரம் மனசு கேட்காமல் கேட்டேன். "காப்பி வருதுல்லா? அப்ப விருந்துதான்மா," என்றார். அடுத்த வாரம் அவர் வீட்டு வாசலில் எங்கள் வீட்டுச் செம்பருத்திக் கொப்பு நின்றது.

அப்படி மாதத்துக்கு மாதம் சொர்ணபாய் அக்கா தோட்டத்துக் கொப்புகள் ஊருக்குள் பரவின. எந்த வீட்டு ஜன்னலில் அது வேர் பிடித்ததோ அந்த வீட்டில் தூக்கம் வேர் பிடித்தது. பால்காரர் ஏழு மணிக்கு வந்தார், கோயில் மணி பத்து நிமிஷம் பிந்தி அடித்தது, இட்லிக் கடைக்காரம்மா முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது, யாரும் யாரையும் ஏசவில்லை. நானும் ஒரு கற்பூரவள்ளிக் கொப்பைக் கிள்ளிவந்து அடுக்களை ஜன்னலில் ஒரு மண்தொட்டியில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மூன்று பிள்ளைகளையும் கரையேற்றிவிட்டுப் படுத்தாலும், ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லி ஜெபித்து முடித்த பிறகும், கண் மூடாது. அந்தக் கொப்பு வந்த பிறகுதான் ஜெபம் முடிகிறதற்கு முன்பே தூங்கினேன். பாதி ஜெபத்தில் தூங்கினவளை ஆண்டவர் கோபிக்கவில்லை.

ஆறாவது மாதம் நாங்கள் போனபோது தோட்டம் மெலிந்திருந்தது. கிள்ளிக் கிள்ளிச் செடிகள் மொட்டையாக நின்றன. அண்ணாச்சி வழக்கம்போல, "அண்ணன் எப்படி இருக்காவ?" என்று கேட்டார்.

"யாரு?" என்றாள் அக்கா.

"தங்கையா அண்ணன்."

"ஆ. தங்கையா," என்று கீழே விழுந்ததைப் பொறுக்குகிறவள் மாதிரி அந்தப் பெயரை எடுத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தாள். எங்களைத் தாண்டி, கத்தரிச் செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்து ஊதி ஆற்றி, இலைக்குக் கிட்டே பிடித்து, "இன்னும் ரெண்டே வாய்தான். ஆ சொல்லுங்க. எதுக்கு இப்பிடி மூஞ்சியத் திருப்புதீங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து தங்கையா அண்ணன் பசியோடு "ஏ... ஏ..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வருகிற ஒரே எழுத்து அதுதான்.

ரஹ்மத் பீவிதான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். கைப்பிடியாக அவளை உள்ளே கூட்டிப்போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தாள். பாயை விரித்தது விரித்தபடி நாங்கள் நின்றோம்.

"ஆறு மாசமா இங்க வந்து தூங்குதோமே, அது யாரு தூக்கம்?" என்றாள்.

டீச்சர் குனிந்து பாயைச் சுருட்டத் தொடங்க, ரஹ்மத் பீவி தொடர்ந்தாள்.

"ஒரு நா இல்லாட்டி ஒரு நா அந்தக்கா அண்ணனத் திருப்புத இடத்துல கை தவறி ரெண்டு பேரும் சேந்து கீழ விழுவாவ. வீட்ல வேற மனுச கிடையாது. நாம அன்னைக்கும் பாயச் சுருட்டிக்கிட்டு வந்து நிப்போம்."

அன்றைக்கு முதன்முதலாக யாரும் தூங்காமல், காப்பி குடிக்காமல் வீடு திரும்பினோம். எல்லாருடைய கொப்பையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மறுநாள் ஆராதனை முடிந்த பிறகு, பதினொரு மணி வெயிலில், ஊரே தொட்டியும் டப்பாவும் பெயிண்ட் வாளியுமாகத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தது. டீச்சர் விசில் ஊதி வரிசை பிடித்தார். பஸ் டிரைவர் வந்தார், கைக்குழந்தைக்காரி வந்தாள், குருவானவர் வீட்டம்மா வந்தார், பேசாமலிருந்த சகோதரிகள் ஒரே வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வந்தார்கள். அக்கா வாசலில் நின்று ஒவ்வொன்றாக வாங்கினாள். கொடுக்கிற ஒவ்வொருவரும் மனசு நிறைந்து அவளுக்கு நன்றி சொன்னோம். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னோம், அழுதுகொண்டு சொன்னோம். அண்ணாச்சி எருமூட்டைமேல் ஏறி நின்று ஒரு சொற்பொழிவே செய்து அதில் மூன்று தரம் சொன்னார்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் அத்தனை கொப்பும் அழுகிப்போயின.

நன்றி சொல்லிவிட்டோமே என்று ஒவ்வொருத்தரும் தலையில் கைவைத்தார்கள். தெரியாமல் செய்திருந்தாலும் ஆறுதல்; இது தெரிந்த பழக்கம், வருஷக்கணக்கில் காத்த பழக்கம், பாசம் வந்த வேகத்தில் மறந்துபோயிற்று. அக்காவின் தோட்டத்தில் மிச்சம் நின்ற மொட்டைச் செடிகளும் அன்றைக்கு விழித்துக்கொண்டன. மற்ற தோட்டங்களைப் போல இலையை விரித்து வெயிலைப் பார்த்து நின்றன. ஊரில் யாருக்கும் தூக்கம் இல்லை, அக்காவுக்கும் இல்லை. "போகட்டும்ளா. மனசோட கொண்டுவந்தீங்கல்லா, அது போதும்," என்றாள். கண் இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது.

அத்தனை கொப்பும் என்று சொன்னேன். அது சரியில்லை. நான் கொடுக்கவில்லை.

அன்றைக்கு வரிசையில் நானும் நின்றேன், கையில் ஒரு ரோஜாத் தொட்டியோடு, எல்லாரும் அழுதபோது நானும் அழுதேன். கற்பூரவள்ளி என் அடுக்களையில் இருந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த தூக்கத்தைக் கையால் தூக்கிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு தினமும் முழங்கால் போட்டு, "சொர்ணபாய் அக்காவுக்குத் தூக்கத்தக் கொடும் ஆண்டவரே" என்று கேட்டேன். பதில் என் ஜன்னலில் ஏழு இலை விட்டு நின்றது. பத்து நாள் அப்படி ஜெபித்தேன். பதினோராம் நாள் ஆண்டவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எழுந்து டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. ரொம்ப நேரம் விசிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "நல்லவேள, ஒருத்தியாவது கள்ளியா இருந்திய," என்றார். "கொண்டுபோய்க் குடுத்துராதீங்க, லில்லி. அவ வந்து எடுக்கணும்."

"அக்கா வாழ்க்கையில ஒரு குண்டூசி எடுத்ததில்ல, டீச்சர். அண்ணன விட்டுட்டு வெளிய வந்தும் ரெண்டரை வருசமாச்சு."

"அடுத்த இரண்டாம் சனிக்கெழம ஒங்க வீடு. நானும் அண்ணாச்சியும் அண்ணன் பக்கத்துல இருந்துக்கிடுதோம். தொட மாட்டோம். சும்மா இருப்போம். பதினோரு மணிக்குத் திருப்பணும்னா அதுக்குள்ள அவ வந்துரட்டும்."

அந்தச் சனிக்கிழமை ரஹ்மத் பீவி அக்காவை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு தெரு நடந்ததற்கே அக்கா சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினாள். மாடியில் என் செடிகளைக் காட்டினேன். கீழே வந்து அடுக்களையைத் தாண்டும்போது அவள் நின்றாள். ஜன்னலில் கற்பூரவள்ளி இலைகளை மடித்துக்கொண்டு, பகல் பத்தரை மணிக்கு, தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் வேறொருத்தி கையில் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"லில்லி," என்றாள். "ஒரு கொப்பு தாயேன்."

எனக்குத் தெரிந்து யார் எது கேட்டும் நான் இல்லையென்று சொன்னதில்லை. உப்பு கேட்டாலும் சரி, நகை கேட்டாலும் சரி. வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குச் சோறில்லாவிட்டால் என் தட்டிலிருந்து போடுவேன். அப்படிப்பட்ட நான், இரண்டரை வருஷம் தூங்காத ஒருத்தி கையை நீட்டி நிற்கும்போது, அவள் கண்ணைப் பார்த்து, "தர மாட்டேன் அக்கா," என்றேன்.

அவள் புரியாமல் நின்றாள். "ஒரே ஒரு இல..."

"இல்லக்கா. தர மாட்டேன். என்னுதாக்கும் அது." பின்வாசல் பக்கம் திரும்பினேன். "நீங்க முன்கட்டுல இருங்க. நான் காப்பிக்குப் பால் வாங்கிட்டு வாரேன்."

பால் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவளும் பார்த்தாள், ரஹ்மத் பீவியும் பார்த்தாள். நான் பின்வாசல் வழியாக வெளியே போய், கதவைச் சாத்தி, கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். ஆண்டவரே, அவள் கையைத் திடப்படுத்தும், என்று ஜெபித்தேன். இப்படி ஒரு ஜெபத்தை அவர் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பாரோ. நூறு எண்ணினேன். பின்னும் நூறு எண்ணினேன். உள்ளே சத்தமே இல்லை. திரும்பி வந்து, பழக்கப்படி தம்ளரைச் சத்தமாக வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

கிள்ளவில்லை. தொட்டியோடு போயிருந்தது.

முன்கட்டில் ரஹ்மத் பீவி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "முந்தானைக்குள்ள வச்சா," என்றாள். "ஓடினா பாத்துக்க. சொர்ணபாய் அக்கா ஓடினா. தெருவே பாத்துச்சு."

காப்பியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். அக்கா வீட்டு வாசலில் டீச்சர் உதட்டில் விரல் வைத்து எங்களை நிறுத்தினார். உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில், சிமெண்ட் தரையில், சேலை மடியில் தொட்டியை வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் சாய்ந்து அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. அது வேறு ஒரு பெண்ணின் முகம், நாற்பது வயதுக்காரியின் முகம்.

மணி பதினொன்று. அவளுடைய போனில் அலாரம் அடித்தது. அண்ணாச்சி பாய்ந்து எடுத்து அதன் வாயைப் பொத்துகிறவர் மாதிரி இரண்டு உள்ளங்கைக்குள் அமுக்கினார், எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை, ரஹ்மத் பீவி பிடுங்கி நிறுத்தினாள். அக்கா அசையவில்லை.

திருப்ப வேண்டிய நேரம். எழுப்பாவிட்டால் அண்ணனுக்கு முதுகு நோகும். தொட்டால் அலறுவார், அலறினால் அவள் எழுந்துவிடுவாள். நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். தங்கையா அண்ணன் எங்களைப் பார்க்கவில்லை. அவர் கழுத்தை முடிந்த மட்டும் சாய்த்து, தரையில் கிடக்கிற தன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வேலை செய்கிற இடது கையைத் தூக்கி, அண்ணாச்சியை வா என்று அழைத்தார்.

அண்ணாச்சி தோளைப் பிடித்தார், டீச்சர் இடுப்பைப் பிடித்தார், நான் தலையணையைப் பிடித்தேன். மூன்று பேருக்கும் பழக்கமில்லை. செத்த கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டது, அதை எடுக்கப் போய் முதுகை அழுத்திவிட்டோம். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. உதட்டைப் பல்லால் கடித்து வைத்திருந்தார். "ஏ" என்ற அந்த ஒற்றை எழுத்துகூட வெளியே வரவில்லை. ஒரு வழியாகச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தோம். அக்காவைப் பார்க்க முடியாத பக்கம் அது.

நாங்கள் நகரப் போனபோது, சுவரைப் பார்த்தபடியே, அந்த இடது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு மணி நேரம், ஒரு மணிக்கு மறுபடி வாங்க என்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.